ஆறு பேர் பார்த்த கடல்பசு

காலை ஏழே முக்காலுக்கு மீன் வாத்தியாரின் இடது கண் லென்ஸ், வாஷ்பேசின் ஓட்டைக்குள் போய்விட்டது.

குழாயை மூட அவருக்கு அரை நொடி ஆனது. லென்ஸுக்கு அதில் பாதி போதுமாக இருந்தது. வலது கண்ணில் ஏற்கெனவே மாட்டியிருந்த லென்ஸின் துணையோடு ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். கறுப்பாக இருந்தது. வேறு தகவல் இல்லை.

ஒன்பது மணிக்குப் படகு. ஆறு பயணிகள். தீவுகளுக்குக் கூட்டிப்போய், முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிவிட்டு, பவளப்பாறைகளுக்கு மேலே மிதக்கவிட்டு, என்னென்ன மீன் என்று காட்டி, ஆறு பேரையும் ஆறு பேராகவே திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. ஒரு படகுக்கு ஆறு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை என்பது முதலாளியம்மாவின் கொள்கை. இருநூறு மீன்களை வால் நுனியை வைத்தே பெயர் சொல்லிவிடுவார் என்பதால் துறைமுகத்தில் எல்லோரும் அவரை மீன் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள்.

லென்ஸ் இல்லாவிட்டால் கைநீட்டும் தூரத்தில் இருப்பது மீனா மனைவியா என்று அவரால் சொல்ல முடியாது. இது மனைவிக்கும் கண்ணாடிக் கடைக்காரருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

ரகசியத்துக்குக் காரணம் இருந்தது. இவருக்கு முன்னால் இருந்த வழிகாட்டி, ஒருநாள் ஐந்து பேரை ஆறு என்று எண்ணிவிட்டுக் கரைக்கு வந்துவிட்டார். ஆறாவது ஆள் இரண்டு மணி நேரம் ஒரு மணல்திட்டில் உட்கார்ந்து நண்டுகளோடு பேசிக்கொண்டிருந்தார். அன்று மாலையே முதலாளியம்மா அந்த வழிகாட்டியைப் படகிலிருந்து இறக்கி, கொட்டகையில் முகமூடி கழுவும் வேலையில் போட்டுவிட்டார். கண் சரியில்லாதவன் கையில் ஆறு உயிரை ஒப்படைத்துவிட்டுத் தனக்கு எப்படிச் சோறு இறங்கும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் அடுத்து வேலைக்கு வந்த மீன் வாத்தியார், கண் பரிசோதனை வரிசையில் நிற்கும்போதே முன்னால் நின்றவர்கள் படித்த எழுத்துகளை மனப்பாடம் செய்து ஒப்பித்து வேலையில் சேர்ந்தார். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

வாஷ்பேசினுக்கு அடியில் வளைந்த குழாய் ஒன்று இருக்கும். விழுந்த பொருள் அதில்தான் தங்கும் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அலமாரியிலிருந்த பழைய மூக்குக்கண்ணாடியை எடுத்து முழங்காலுக்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, குழாயைத் திருகிக் கழற்றினார். மாடி வீட்டுத் தண்ணீரும் அதே குழாய் வழியாகத்தான் இறங்குகிறது என்பது அப்போதுதான் தெரிய வந்தது. மாடியில் யாரோ துணி துவைத்து முடித்திருந்தார்கள்.

சோப்பு நுரை கூடம்வரை போனது. மனைவி துடைப்பத்தோடு ஓடி வந்தாள். ஏதோ நொறுங்கியது.

"என்னங்க அது சத்தம்?"

"என் கண்ணு" என்றார் அவர்.

மூக்குக்கண்ணாடி மூன்று துண்டாகியிருந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றாள் மனைவி. இன்றைக்கு வேறு வழிகாட்டி யாரும் இல்லை, முதலாளியம்மா டாக்டரோடு வீட்டுக்கே வந்து நிற்பார் என்றார் அவர்.

"அப்ப உண்மையைச் சொல்லிடுங்க."

"ஒம்போது வருஷமா சொல்லாதவன் இன்னிக்கு எழுந்து திடீர்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"பாதி மீனைக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார்.

ஒற்றைக் கண்ணால் பார்த்தால் உலகம் சுவரில் ஒட்டிய படம் மாதிரி தட்டையாக இருந்தது. படகில் ஏறும்போது பலகை இல்லாத இடத்தில் நம்பிக்கையோடு காலை வைத்து, ஒரு பையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பை ஓய்வுபெற்ற நீதிபதியுடையது. நீதிபதி அதை மன்னித்தார், ஆனால் மன்னித்ததை இரண்டு முறை சொன்னார். அவரோடு அவர் மனைவி வந்திருந்தார். கணவர் எதைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒன்று சொல்லும் பழக்கம் உள்ளவர். கல்லூரியில் முப்பது வருஷம் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவரும், அக்கா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத அவருடைய தங்கையும் வந்திருந்தார்கள். மீதி இரண்டு பேர் கல்யாணமாகி ஐந்து மாதமான இளம் தம்பதி. நனையாத உறையில் செல்போனைப் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தான் கணவன்.

முதலாளியம்மா துறையில் நின்று, பெரிய மனிதர்கள், பார்த்துக்கொள் என்று மீன் வாத்தியாரின் காதோடு சொல்லி அனுப்பினார்.

படகை ஓட்டியவனை எல்லோரும் முத்துவாய் என்பார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் நாள் முழுவதும் மூடியே வைத்திருப்பான். முதலாளியம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பேசாதவன்தான் எல்லாவற்றையும் போய்ச் சொல்வான் என்று மீன் வாத்தியார் ஒன்பது வருஷமாக அவனிடம் ஜாக்கிரதையாக இருந்தார்.

பாதி தூரம் போவதற்குள் காற்றில் வந்த ஒரு மணல் துகள், கண்ணைத் தேடி வந்து வலது லென்ஸுக்கு அடியில் குடியேறியது. கண்ணிலிருந்து கண்ணீர் கொட்டியது. கொட்டுவது ஒரு கண்ணில் மட்டும் என்பதால் அது துக்கம் என்று சொல்லவும் வழியில்லை. யாரும் பார்க்காதபோது லென்ஸைக் கழற்றி, இன்ஜின் மூடிமேல் இருந்த டம்ளர் தண்ணீரில் போட்டார். இரண்டு நிமிஷம் ஊறினால் மணல் இறங்கிவிடும்.

கண்ணைத் துடைத்துவிட்டுத் தடவிப் பார்த்தபோது டம்ளர் காலியாக இருந்தது.

"இதுல இருந்த தண்ணி?"

முத்துவாய் பதில் சொல்லவில்லை. மங்கலாக ஒரு கை உயர்ந்து தொண்டையைத் தொட்டுக் காட்டியது.

இனி உலகத்தில் வண்ணங்கள் மட்டுமே இருந்தன, உருவங்கள் விடைபெற்றுக்கொண்டன. மீன் வாத்தியார் படகின் முனையில் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து யோசித்தார். வயிற்றுவலி என்று சொன்னால் படகு திரும்பும், திரும்பினால் விசாரணை. இன்ஜின் கோளாறு என்றால் முத்துவாய் இல்லை என்று தலையாட்டுவான். ஒரே வழிதான் இருந்தது. கிழக்குத் தீவின் பின்புறம் அவருக்குச் சொந்தச் சமையலறை மாதிரி. எந்தப் பாறையில் எந்த மீன் குடும்பம் நடத்துகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். மூடினால் என்ன, திறந்தால் என்ன, இன்றைக்கு இரண்டும் ஒன்றுதான். அங்கே ஓட்டு என்று முத்துவாயிடம் சொன்னார். தலையாட்டியிருப்பான்.

பின்னால் முத்துவாய் ஆறு பேருக்கும் முகமூடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வார் இழுபடும் சத்தமும் இளம் மனைவியின் சிரிப்பும் கேட்டன. மீன் வாத்தியார் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தும் பயனில்லை.

நங்கூரம் இறங்கியதும் முதல் ஆளாகக் குதித்தார். இடுப்பளவு ஆழத்தில் மணல் இருக்கவேண்டிய இடத்தில் மணலைக் காணோம். ஆழம் தெரியாமல் காலை விடுவதில் ஒன்பது வருஷ அனுபவம் இருந்தும் ஒரு வாய் உப்புத்தண்ணீர் குடித்துவிட்டு மேலே வந்தார்.

"இது எந்த இடம்?"

முத்துவாய் எதையோ சைகை காட்டினான். இவருக்கு அது பழுப்பு நிறத்தில் ஒரு அசைவு. மறுபடி கேட்டார். வேறு வழியில்லாமல் அவன் வாயைத் திறக்கவேண்டி வந்தது.

"அங்க ரெண்டு படகு நிக்குது. இடமில்ல. தெற்கால வந்துட்டேன்."

தெற்குத் தீவுப் பக்கம் அவர் வாழ்நாளில் நாலு தடவைகூட இறங்கியதில்லை. அதற்குள் ஆறு பேரும் தொப் தொப் என்று தண்ணீருக்குள் வந்துவிட்டார்கள்.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல், எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. ஆரஞ்சுப் புள்ளிகளை எண்ணினால் ஆட்களை எண்ணின மாதிரி. எண்ணினார். ஆறு. நிம்மதியாகப் பத்து நிமிஷம் நீந்தினார். மறுபடி எண்ணினார். ஒன்பது.

ஆள் குறைந்தால் என்ன செய்யவேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். கூடினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. ஒன்பதில் ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தைவிட்டு விலகி விலகிப் போனது. அது நீதிபதியின் மனைவியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, மரியாதையாகக் கூப்பிட்டார். அம்மா, தனியாகப் போகாதீர்கள் என்றார். புள்ளி கேட்கவில்லை. குரலை உயர்த்தினார். பெரியவங்களே இப்படிச் செய்தால் சின்னவங்களுக்கு என்ன சொல்வது என்றார். கடைசியில் கோபத்தோடு நீந்திப் போய்க் கையைப் பிடித்து இழுத்தார். வந்தது வலை மிதவை. பின்னாலேயே பக்கத்துப் படகுக்காரர்கள் விரித்த வலையும் வந்தது.

"தம்பி, நான் இங்கதான் இருக்கேன்" என்றது நீதிபதி மனைவியின் குரல், முதுகுக்குப் பின்னாலிருந்து. "அரை மணி நேரமா யாரைத் திட்டறீங்க?"

தனியாக விலகிப் போகிறவர்களுக்கு எப்படிச் சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே செய்து காட்டியதாக அவர் விளக்கினார். அந்த அம்மா அதை ஏற்றுக்கொண்ட மாதிரி இருந்தது. முகம் தெரியாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இனி எண்ணிக்கையை நம்பிப் பயனில்லை. படகிலிருந்து நீளக் கயிறு ஒன்றை எடுக்கச் சொல்லி, ஒரு முனையைப் படகிலும் மறுமுனையை ஒரு மிதவையிலும் கட்டி, ஆறு பேரையும் வரிசையாகக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இன்ஜினை அணைத்து, நங்கூரத்தைத் தூக்கி, நீரோட்டத்தின் போக்கில் படகும் அவர்களுமாக மெதுவாகப் போகவேண்டும். கயிற்றை ஒரு கோடியிலிருந்து தடவிக்கொண்டே வந்தால் பன்னிரண்டு கைகள். கணக்குச் சரி. இவ்வளவு நல்ல யோசனை தனக்கு முன்பே தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

மீன் காட்டும் வேலை பாக்கி இருந்தது. மஞ்சளாக எது தெரிந்தாலும் வண்ணத்துப்பூச்சி மீன் என்றார். பச்சையாகத் தெரிந்ததைக் கிளிமீன் என்றார். ஒன்றுமே தெரியாத இடத்தில், இங்கே ஒரு மீன் மணலுக்கடியில் ஒளிந்திருக்கிறது, கூர்ந்து பாருங்கள் என்றார். எதைச் சொன்னாலும் மூச்சுக்குழாய் வழியாக ஆறு 'ஆகா'க்கள் வந்தன. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல மாணவர்கள் அவருக்கு வாய்த்ததில்லை.

நீதிபதிதான் தலையைத் தூக்கினார்.

"மீனெல்லாம் சரி. பெருசா ஒண்ணும் கிடையாதா?"

மீன் வாத்தியார் குனிந்து பார்த்தார். அடியில் வெள்ளை மணல்மீது நீளமாக, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று இருந்தது. பெரியது. பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. இரண்டும் மெதுவாக இவர்களோடு கூடவே நகர்ந்தன. என்னவென்று புரியவில்லை. புரியாததற்கு ஒரு பெயர் வைப்பதுதான் அன்றைக்குக் காலையிலிருந்து அவர் செய்துவந்த தொழில்.

"கடல்பசுவா இருக்கலாம்" என்றார்.

இருக்கலாம் என்ற சொல் தண்ணீருக்குள் போய்விட்டது. கடல்பசு மட்டும் ஆறு பேர் காதிலும் விழுந்தது.

கயிறு இறுகியது. ஆறு முகங்களும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் போயின. ஐந்து நிமிஷம் யாரும் தலையைத் தூக்கவில்லை. தூக்கியபோது கடல்பசு அவர் கையைவிட்டுப் போயிருந்தது.

படகில் ஏறித் துண்டால் துவட்டிக்கொண்டே நீதிபதி ஆரம்பித்தார். அது நேராகத் தன்னைப் பார்த்தது என்றார். அவர் மனைவி, உங்களைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்துவிட்டது என்றார். குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டே போனதாம். பால் குடித்தது என்றாள் இளம் மனைவி. தாய்க்கு மீசை இருந்தது என்றான் அவள் கணவன். நாலு படம் எடுத்திருக்கிறேன் என்று செல்போனைத் தட்டிக் காட்டினான். நாங்கள் நின்றால் அதுவும் நின்றது, நகர்ந்தால் நகர்ந்தது, என்ன பாசம் என்றார் பேராசிரியையின் தங்கை.

கடைசியாகப் பேராசிரியை துண்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"முப்பது வருஷம் புத்தகத்துல படத்தைக் காட்டியே பாடம் நடத்தினேன். நேர்ல பார்க்காமலே போய்ச் சேர்ந்துடுவேன்னு நினைச்சேன். இன்னிக்குப் பார்த்துட்டேன் தம்பி. உங்களாலதான்."

மீன் வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு உப்புத்தண்ணீர் குடித்ததைவிட அது கஷ்டமாக இருந்தது.

பாறையாகக்கூட இருக்கலாம் என்று மெல்ல இழுத்தார். பாறை நகருமா என்று நீதிபதி கேட்டார். அந்தக் கேள்வியில் பழைய நீதிமன்றம் எழுந்து உட்கார்ந்தது. நான் பார்த்ததை நான் பார்க்கவில்லை என்று சொல்கிறாயா என்றும் கேட்டார். அப்படி இல்லை, வழிதவறி வந்த பசுவாக இருக்கும், இனி வராது என்று மாற்றிப் பார்த்தார் மீன் வாத்தியார். குட்டியோடு வழிதவறாது, குட்டி போடத்தான் இங்கே வந்திருக்கிறது, அப்படியென்றால் இது ரொம்ப முக்கியமான இடம் என்றார் பேராசிரியை. வயதான, நோயாளிப் பசுவாக இருக்கலாம் என்றார் இவர். அப்படியானால் உடனே காப்பாற்ற வேண்டும் என்றார் அவர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடும்.

பேராசிரியையிடம் படித்த மாணவர் ஒருவர் கடலுயிர்ப் பாதுகாப்புத் துறையில் அதிகாரியாக இருந்தார். செல்போனில் அவருக்கு ஒரு பொத்தான்தான். படகு பாதி வழி வருவதற்குள் தகவல் போய்விட்டது.

துறையில் முதலாளியம்மா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் அதிகாரி. அவர் கையில் ஏதோ வெள்ளையாக இருந்தது, காகிதம் என்று சத்தத்தை வைத்துத் தெரிந்தது. பயணிகள் இறங்கினதும் இறங்காததுமாக அவர்களைக் கொட்டகைக்குள் உட்காரவைத்து, ஒவ்வொருவராகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். தாயின் நீளம் பத்தடி என்றார் நீதிபதி. பன்னிரண்டு என்றார் மனைவி. செல்போன் படத்தை அதிகாரி வெகுநேரம் பார்த்தார்.

"இது விரல் மாதிரி இருக்கே."

"குட்டியோட மூக்கு சார்" என்றான் இளம் கணவன்.

"மூக்குதான்" என்றார் நீதிபதி. அதற்கு மேல் மேல்முறையீடு இல்லை.

அதிகாரி முதலாளியம்மாவிடம் திரும்பி, வருத்தத்தோடுதான் சொன்னார். கடல்பசு குட்டியோடு இருக்கிறதென்றால் தெற்குத் தீவு மட்டும் இல்லை, சுற்றியுள்ள தீவுகள் எதற்கும் இனி படகு போகக்கூடாது. ஆய்வுக்குழு வரவேண்டும், கணக்கெடுக்க வேண்டும், அறிக்கை போகவேண்டும். குறைந்தது ஒரு வருஷம். இரண்டும் ஆகலாம்.

முதலாளியம்மா இருந்த பக்கத்திலிருந்து ஒரு நாற்காலி இழுபடும் சத்தமும் அதில் ஒருவர் கனமாக உட்காரும் சத்தமும் கேட்டன. நாலு படகு, ஓட்டுகிறவர்கள், வழிகாட்டிகள், முகமூடி கழுவுகிற அந்தப் பழைய ஆள் என்று பதினான்கு குடும்பங்கள் அந்த நாற்காலியில் சேர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது மீன் வாத்தியாருக்கு. வாஷ்பேசின் ஓட்டையில் விழுந்த அந்தத் துளியூண்டு லென்ஸ் இவ்வளவு பேரை இழுத்துக்கொண்டு போகும் என்று அவர் நினைக்கவில்லை.

அவர் முன்னால் வந்தார். வழியில் இருந்த வாளியைத் தட்டிவிட்டார். அதை எடுத்து நிமிர்த்தி வைக்க முயன்று, வாளி வேறு பக்கம் உருண்டுபோனதால் விட்டுவிட்டார்.

"அம்மா, அது கடல்பசு இல்ல. எனக்குக் கண்ணு தெரியாது."

ஒன்பது வருஷக் கதையை அவர் ஒரே மூச்சில் சொன்னார். மனப்பாடம் செய்த எழுத்துப் பலகை, வாஷ்பேசின், மாடி வீட்டுத் துணி, நொறுங்கிய கண்ணாடி, முத்துவாய் குடித்த டம்ளர், அரை மணி நேரம் திட்டிய மிதவை எல்லாம் வந்தன. காலையிலிருந்து தான் சொன்ன எந்த மீனையும் தான் பார்க்கவில்லை என்றார். அடியில் தெரிந்தது தங்கள் படகின் நிழலாகக்கூட இருக்கலாம், படகுதானே கூடவே வந்தது, குட்டி என்பது கயிறு கட்டிய மிதவையின் நிழலாக இருக்கும் என்றார். தன்னைக் கொட்டகையில் முகமூடி கழுவப் போட்டாலும் சரி, வீட்டுக்கு அனுப்பினாலும் சரி, படகுகளை மட்டும் நிறுத்தவேண்டாம் என்று அதிகாரி இருந்த திசையில் கும்பிட்டார். அங்கே ஒரு தூண் இருந்தது. அதிகாரி நகர்ந்து வந்து கும்பிடுக்கு முன்னால் நின்றுகொண்டார். நல்ல மனிதர்.

முதலாளியம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"பவர் வச்ச முகமூடி கிடைக்குதுய்யா. கேட்டிருந்தா முதல் வருஷமே வாங்கிக் கொடுத்திருப்பேன். அந்த ஆளை நான் இறக்கினது கண்ணு தெரியலன்னு இல்ல. தெரியலங்கறதை எங்கிட்டச் சொல்லலன்னு."

மீன் வாத்தியாருக்கு இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்தது. காலையில் அந்த இன்னொரு கண்ணிலும் வந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஆனால் அதிகாரி காகிதத்தை மடிக்கவில்லை. நீங்கள் பார்க்கவில்லை, சரி. அது உங்கள் சாட்சி என்று பொறுமையாக விளக்கினார். ஆனால் படித்த, பொறுப்பான ஆறு பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒருவர் விலங்கியல் பேராசிரியை, என் ஆசிரியை. ஒருவர் நீதிபதி. அவர்கள் சாட்சியை நான் எப்படித் தள்ள முடியும் என்றார். பிறகு ஆறு பேரையும் பார்த்து, வழிகாட்டி சொன்னதைக் கேட்ட பிறகும் யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டார்.

ஒவ்வொருவரும் அடுத்தவர் என்ன சொல்வார் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நீதிபதி தொண்டையைச் செருமினார்.

"அவருக்குக் கண்ணு தெரியலன்னா அது அவர் விஷயம். நாங்க ஆறு பேரும் பார்த்தோம்."

"நல்லா, தெளிவாப் பார்த்தோம்" என்றார் அவர் மனைவி.

மற்ற நாலு பேரும் ஆமாம் என்றார்கள். பேராசிரியையின் ஆமாம் கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது.

அப்படியானால் கீழே கையெழுத்துப் போடுங்கள் என்று அதிகாரி காகிதத்தையும் பேனாவையும் மேசைமேல் வைத்தார். முதலாளியம்மா எழுந்து வாசல் பக்கம் போய், படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீதிபதிதான் முதலில் பேனாவை எடுத்தார். வாழ்நாளில் பத்தாயிரம் தீர்ப்பில் கையெழுத்துப் போட்ட கை என்றார். காகிதத்தைக் கைநீட்டிப் பிடித்தார். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். மறுபடி தள்ளிப் பிடித்தார். எங்கே போடவேண்டும் என்று மனைவியைக் கேட்டார். மனைவி குனிந்து, காகிதத்தில் முகம் படுகிற அளவுக்குத் தேடி, இதோ இங்கே என்று உச்சியில் இருந்த அரசு முத்திரையைக் காட்டினார். அது இல்லை, இதுதான் என்று இளம் கணவன் மேசைவிரிப்பின் ஓரத்தைத் தொட்டான்.

அப்போது, படகைக் கழுவி முடித்துவிட்டு ஈரக் கால்களோடு கொட்டகைக்குள் வந்த முத்துவாய், ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அதிகாரி முன்னால் வைத்து மூடியைத் திறந்தான்.

"சார், ஆறு பேர் மூக்குக்கண்ணாடியும் இதுல இருக்கு, முகமூடி மாட்டறப்ப கழட்டிக் கொடுத்தது, இன்னும் ஒருத்தரும் திருப்பி வாங்கல."